சிவப்புத் திருகு

உள்ளே ஓட்டும் சைக்கிளில் ஒரு சௌகரியம் சார், நாய் துரத்தாது. மழைக்காலம் முழுக்க ரோட்டில் ஓட்டுகிறவர்கள் எங்கள் மாடிக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். பாட்டைச் சத்தமாகப் போட்டு, ஏற்றம், சமதளம் என்று நான் சொல்லச் சொல்ல, நின்ற இடத்திலேயே மிதிப்பார்கள். மழை விட்டதும் காலில் வலுவோடு ரோட்டுக்குப் போவார்கள். அவர்களைத் தயார் செய்வதுதான் என் பிழைப்பு.

என் தம்பியும் அவர்களில் ஒருத்தன். போன வருஷம்தான் ரோட்டுக்கு வந்தான், அதற்குள் பெரிய போட்டிக்கு எடுத்துவிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தப் போட்டிக்காக நாயாய் அலைந்தவன்தான். முழங்கால் போன பிறகு உள்ளே வந்துவிட்டேன். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான், "எங்க அண்ணன் வருஷக்கணக்கா ஓட்டுறாரு, இன்னும் இந்த ரூமைத் தாண்டல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே.

கூடத்தில் ஓட்டும் வண்டியில் பிரேக் கைப்பிடியில் கிடையாது. முழங்கால்களுக்கு நடுவே, சட்டத்தில் குமிழ் மாதிரி ஒரு சிவப்புத் திருகு இருக்கும், அதுதான் பிரேக். சக்கரம் நல்ல கனம், மிதிப்பதை விட்டாலும் காலையும் இழுத்துக்கொண்டு சுற்றும். அவசரத்துக்கு வலது கையை எடுத்து அந்தத் திருகை அழுத்த வேண்டும். "நிறுத்து" என்றால் யோசிக்காமல் கை அங்கே போகும்படி எல்லோரையும் பழக்குவேன். தம்பியைக் கொஞ்சம் கூடுதலாகப் பழக்கினேன். தனியாக வரச் சொல்லி, மூச்சிரைத்து நாக்குத் தள்ளும் நேரம் பார்த்துச் சொல்வேன். அப்போது சொல்வது உடம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"போதும்ணே, தூக்கத்துலகூடக் கை போகுது" என்று அலுத்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மழை முடிகிற வாரம் இந்தப் பழக்கத்தை எடுத்துவிட வேண்டும். "திருகை மறந்துடுங்க, பிரேக் கைப்பிடியில இருக்கு" என்று சொல்லிச் சொல்லி மாற்றுவேன். அந்த வாரம் தம்பியிடம் மட்டும், "நீதான் நல்லா ஓட்டுறியே, வீட்ல ரெஸ்ட் எடு" என்றேன்.

மழை விட்ட பிறகு முதல் தடவையாக எல்லோரும் மலைரோட்டுக்குப் போனோம். இறக்கத்தில் அவன்தான் முன்னால். நான் ஸ்கூட்டரில் அவனை ஒட்டியே போனேன். வளைவில் ஒரு லாரி மெதுவாக ஏறி வந்தது. இடம் தாராளமாக இருந்தது, அவன் தானாகவே விலகிப் போயிருப்பான். நான் "நிறுத்து" என்றேன்.

கை கைப்பிடியை விட்டுக் கீழே போனது. அங்கே ஒன்றும் இல்லை. வண்டி லாரிப் பக்கம் சாய்ந்தது.

எங்களோடு சைக்கிளில் பின்னால் வந்த மருந்துக்கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார், "அண்ணன் கத்துனாரு சார், காப்பாத்தத்தான் பார்த்தாரு, பாவம்." அவர் காதில் விழுந்ததைச் சொன்னார். எதற்காகக் கத்தினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் சாக வேண்டும் என்றுதான் கத்தினேன். லாரி டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவர் ஓரமாகத்தான் வந்தார்.

அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. நான் எது சொன்னாலும் அவன் மதிப்பதே இல்லை என்று எங்கள் அம்மாவுக்கு ஒரு குறை உண்டு. அவளிடம் சொல்லுங்கள் சார், அன்றைக்குச் சொன்னதும் கேட்டான்.