லயத்தை மறைக்கிற லென்ஸ்

– பின்னாடி ஒண்ணுமே தெரியாதுக்கா, நல்லா பாருங்க. புள்ள மூஞ்சி மட்டும் நிலா மாதிரி நிக்கிது. பின்னால லயத்து வீட்டு வரிச இருக்கா, கக்கூஸ் இருக்கா, கொடியில காயுற துணி இருக்கா, ஒரு மண்ணும் தெரியல. எம்புட்டு பெருசாக்கினாலும் ஒடையாது. சத்தியமா சொல்றேன், இந்தப் பூண்டுலோயா டவுன்ல வேற எந்த ஸ்டூடியோவுலயும் இந்த லென்ஸ் இல்ல.

– எனக்கு அந்தப் பின்னாடிதான் வேணும், நிரோஷன்.

– என்னது?

– புள்ள மூஞ்சிய நான் தெனமும் பாக்குறேன். அவளுக்குப் பின்னால இருக்குற மலையக் காட்டுங்க.

– சர்மிளாக்கா, நீங்க நிலக்ஷியோட சடங்கு ஆல்பத்த எடுக்க வந்தீங்கன்னுல்ல நெனச்சேன். கட்டி வச்சு எத்தன நாளாச்சு.

– ஆல்பத்த எங்க கொண்டு போய் வைக்க? ஸ்கூல் மண்டபத்துல பாய் விரிக்கவே எடம் இல்ல. ராத்திரி ஒருத்தர் பொரண்டா நாலு பேரு முழிக்கிறோம்.

– தெரியும்க்கா. மலை சரிஞ்ச அன்னிக்கு நானும் ஓடி வந்தேன். கேளுங்களேன், கெமரா தோள்லதான் தொங்குது. வேலாயி அக்காவையும் அந்த ரெண்டு பேரப்புள்ளைங்களையும் மண்ணுக்குள்ள இருந்து பொணமா எடுக்கையில அதத் தூக்க மனசு வரல. ஒரு படம் எடுக்கல நான்.

– எடுக்காததே நல்லது. அதுக்கு முன்னாடி எடுத்ததுதான் இப்ப எனக்கு வேணும். நாளைக்கு நுவரெலியா கச்சேரியில, கவர்மெண்டு ஆபிசர்மாரு முன்னாடி விசாரணை.

– அதான் எல்லாரும் பேசிக்கிறாங்களே. தோட்டத்து நிர்வாகத்துப் பக்கம் என்னா சொல்றாங்க?

– அன்னிக்குப் பெஞ்ச மழையில திடீர்னு வந்ததாம். அதுக்கு முன்னாடி மலையில ஒரு கீறல் கூட இல்லையாம். சரிய வேண்டியது சரிஞ்சு முடிஞ்சிருச்சு, இனி பயமில்ல, மிச்சம் நிக்கிற லயத்துக் காம்பராவுக்கு எல்லாரும் திரும்பிப் போங்கங்கிறாங்க.

– திரும்பியா? அதே மலைக்கு அடியிலயா?

– பதினாலு குடும்பம். என் புள்ளையும் அதுல இருக்கா. நாளைக்கு ஆதாரம் இல்லன்னா, அடுத்த வாரம் அங்கதான் ஒல வைக்கணும்.

– அப்ப மலை முன்னாடியே வெடிச்சிருந்துச்சா?

– சடங்குக்கு ரெண்டு நாள் இருக்கையில, கொழுந்தெடுக்கப் போன எடத்துல என் கண்ணால பாத்தேன். ரெண்டு தேயில வரிசைக்கு நடுவுல, கை உள்ள போற அளவுக்கு வாயப் பொளந்துகிட்டுக் கெடந்துச்சு.

– யாருகிட்டயும் சொல்லலையா?

– மொத ஆளா வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். தோட்டத்துத் தொழிலாளர் சங்கத் தலைவராச்சே. போய்ப் பாத்துட்டு வந்து, அப்படி ஒண்ணும் இல்ல, நீ சடங்கு வேலையப் பாருன்னாரு. சடங்கு முடிஞ்ச மறுநா நானே ஏறிப் போனேன். அந்த எடம் பூரா கவ்வாத்து வெட்டின மிலாறு பரத்திக் கெடக்கு. குச்சிய வெலக்கிப் பாத்தா கெட்டியா மண்ணு. வெடிப்பக் காணோம்.

– மாயமா இருக்கே.

– காலையில பேரு குடுக்குற பெரட்டுல நிக்கையில சொன்னேன். அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. மக பெரிய மனுசியானதுல ஆத்தாவுக்குத் தல சுத்துதுன்னாங்க. வேலாயி அக்கா மட்டும்தான் சிரிக்கல.

– விசாரணைக்கு வர்ற ஆபிசர்மாருகிட்ட சொல்லுங்களேன்.

– சொல்லாம இருப்பேனா? மண்ணு சோதிக்கிற மிஸ் ஒருத்தங்க ஸ்கூலுக்கு வந்தாங்க. சுதர்ஷினின்னு பேரு, யாழ்ப்பாணத்து ஆளு. “நீங்கள் வாயால சொல்லுறத நான் எழுதேலாது அக்கா, ஏதும் படம் கிடந்தா தாங்கோ”ன்னு நம்பர் குடுத்துட்டுப் போனாங்க. படத்துக்கு நான் எங்க போறதுன்னு யோசிச்சேன். அந்த மலைக்கு நேரா நின்னு நாள் பூரா படம் எடுத்த ஆளு நீங்க ஒருத்தருதான்.

– சரி, இங்க வந்து குந்துங்க. ஒண்ணொண்ணா போடுறேன். …இது மால போடுறது.

– பின்னால வெள்ளையா பொக மாதிரி இருக்கே, அதுதான் மலையா?

– அதுதான். இது தண்ணி ஊத்தி கூட்டிட்டு வர்றது. இது தட்டு வரிச.

– எல்லாத்துலயும் பொகதான். பச்ச மாவக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு. இம்புட்டு செலவு பண்ணி அரக்கண்ணு லென்சாப் பாத்து வாங்கியிருக்கீங்களே!

– அப்படிச் சொல்லாதீங்கக்கா. எல்லாரும் கேக்குறதே இததான். “தம்பி, லயம் தெரியாம எடுங்க, கொழும்புல சொந்தக்காரங்க பாப்பாங்க.” கல்யாணமா இருக்கட்டும், சடங்கா இருக்கட்டும், பொறந்த நாளா இருக்கட்டும், இதே பாட்டுதான். நீங்களும்தான் சொன்னீங்க.

– சொன்னேன். தகரக் கூரை தெரியக்கூடாதுன்னு சொன்னேன்.

– அதுக்காகவே மூணு வருசம் ஏங்கி வாங்குனது இந்த லென்சு. கெமராக்காரனுக்கு வேற என்னா ஆசை? இருட்டுல சோடை போகக்கூடாது. நம்மூரு பனிக்கு உள்ள பூஞ்சணம் புடிக்கக்கூடாது. கூட்டத்துக்கு நடுவுலயும் ஆளோட கண்ணத் தானாத் தேடிப் புடிக்கணும். பின்னால இருக்குற அம்புட்டையும் கரைக்கணும். அம்புட்டும் கெடைச்சிருச்சுன்னு சாமி ரூம்புல வச்சுக் கும்பிட்டேன்.

– உங்க ஆசையெல்லாம் சரி. எங்களுக்கு ஒரு வெடிப்பு தெரிஞ்சாப் போதும். கரைக்காத லென்சால ஒண்ணு கூடவா எடுக்கல?

– அன்னிக்கு லென்ச மாத்தவே இல்லக்கா. புது மாப்பிள்ள மாதிரி அதையே கட்டிப் புடிச்சுகிட்டு இருந்தேன். வீட்டாளுங்க போன்ல எடுத்தது?

– எல்லாம் டென்டுக்கு உள்ள. கெட்டுப்போன படம்னு நீங்க தள்ளுவீங்களே, அதாவது இருக்கா?

– அதெல்லாம் அன்னிக்கே அழிச்சிட்டேன்… பொறுங்க. பொறுங்கக்கா. இந்தக் கெமராவுல ரெண்டு கார்டு போடலாம். ஒண்ணு செத்துப்போனா ஒண்ணு இருக்கட்டும்னு ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதும். நான் அழிச்சது மொத கார்டுல. ரெண்டாவத, ஆளு வந்து ஆல்பத்தக் கையில வாங்குற வரைக்கும் தொட மாட்டேன்.

– நான் இன்னும் வாங்கல.

– அதத்தான் சொல்றேன்! இந்தா, இந்தா இருக்கு. எல்லாம் அப்படியே இருக்கு. இது புள்ள கண்ண மூடுனது. இது கை ஆடுனது. இது வேலாயி அக்கா குறுக்க வந்தது.

– அதக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. …புது சேல. என்கிட்ட காட்டவேயில்ல, சடங்கன்னிக்குத்தான் பிரிச்சுக் கட்டுச்சு. சிரிப்பப் பாருங்க, வெத்தலயும் வாயுமா. …சரி, தள்ளுங்க.

– அக்கா! இங்க பாருங்க!

– புள்ள மங்கிப் போய்ட்டா.

– புள்ளைய விடுங்க, கூரைக்கு மேல பாருங்க! மலை அப்படியே கண்ணாடி மாதிரி படத்துல விழுந்திருக்கு. தேயில எல எண்ணலாம்!

– இது மட்டும் எப்படி?

– வாசல்ல ஆலாத்தி சுத்தையில புள்ள தலையக் குனிஞ்சிருச்சு. கண்ணு தெரியல. நான் சொன்னேன்ல, இது கண்ணத் தேடும்னு? கிட்டத்துல கெடைக்கலன்னதும் எட்டிப் போயி, மலையில நிக்கிற எவனோ ஒருத்தன் கண்ணப் புடிச்சிருச்சு. அன்னிக்கு இந்த ஒரு படத்துக்காக கெமராவ எப்படித் திட்டினேன் தெரியுமா?

– அந்தக் கோடு… அதுதான் நிரோஷன். அதேதான். நான் பொய் சொல்லல.

– பாதி தெறந்து கெடக்கு. பாதிய மண்ணப் போட்டு மூடியிருக்காங்க. பக்கத்துல மிலாறு கட்டு கட்டாக் கெடக்கு. சத்தியமா, அத்தன சனம் அந்தப் பக்கம் பாத்துகிட்டுத்தானே நின்னோம்? ஒருத்தர் கண்ணுலயும் படலையே.

– புள்ளையப் பாத்துகிட்டிருந்தோம். …கொடையோட நிக்கிறது வேல வாங்குற கண்டாக்கையா.

– அவரேதான். அந்த அரக்கால் சட்ட போதுமே, நாளைக்கு அவரு நான் இல்லன்னு சொல்லவே ஏலாது.

– மம்பட்டியோட நிமிந்து பாக்குறது யாரு? பெருசாக்குங்க.

– கெமரா புடிச்சது அந்த ஆளு கண்ணத்தான். இருங்க… 

– என்னா நிப்பாட்டிட்டீங்க?

– இம்புட்டுதான்க்கா வரும். இதுக்கு மேல போனா ஒடைஞ்சிரும்.

– எம்புட்டு பெருசாக்கினாலும் ஒடையாதுன்னு இப்பதானே பெரும பேசுனீங்க?

– வேணாம்க்கா. வெடிப்பு இருக்கு, கண்டாக்கையா இருக்காரு. உங்க வேலைக்கு அது போதும். இன்னொரு ஆளு யாரா இருந்தா என்னா?

– தள்ளுங்க. மவுச என்கிட்ட குடுங்க.

– அக்கா, நான் சொல்றதக் கேளுங்க…

– குடுங்க நிரோஷன்.

– இந்தாங்க. …அக்கா. தண்ணி கொண்டாரவா?

– வேணாம். உங்க கெமரா கண்ண நல்லாத்தான் புடிக்கிது.

– நான் ஒண்ணு பண்றேன். மம்பட்டிக்காரர மட்டும் வெட்டிருவோம். ஓரத்துலதானே நிக்கிறாரு? இல்லன்னா மூஞ்சிய லேசாக் கரைச்சு விட்டுர்றேன். சத்தியமா, உங்களுக்கும் எனக்கும் தவிர உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது.

– வெட்டுன படம்னு கண்டுபுடிச்சா தோட்டத்து வக்கீல் என்னா சொல்லுவாரு?

– …ஒட்டு வேலன்னு தூக்கி மூலையில போட்டுருவாரு.

– பதினாலு குடும்பமும் மலைக்கு அடியில போயிரும்.

– ஆனா யோசிங்கக்கா. கண்டாக்கையா தலமாட்டுல நின்னு சொல்லும்போது ஒரு மனுசன் என்னா செய்யிறது? அன்னிக்கு வெடிப்பு வெளிய தெரிஞ்சிருந்தா லயத்தையே காலி பண்ணச் சொல்லியிருப்பாங்க. சடங்கு நின்னிருக்கும். அத நெனச்சுக் கூட…

– சடங்கு நின்னிருந்தா நின்னிருக்கட்டும். வேலாயி அக்கா இருந்திருக்கும். அந்தப் புள்ளைங்க இருந்திருக்கும்.

– நாளைக்கு அந்த ஆளு எப்படி ஊருக்குள்ள தல நிமிந்து நடப்பாரு? அவரு வீட்டுல இருக்குறவங்கதான் எப்படி நடப்பாங்க?

– நடக்குறதுக்கு மொதல்ல உசுரோட இருக்கணும்ல? …இந்தாங்க, சுதர்ஷினி மிஸ்ஸோட நம்பர். முழுப் படமா அனுப்புங்க. ஒரு மூஞ்சியும் கரையக்கூடாது.

– உங்க போன் அடிக்குதுக்கா. ‘நிலக்ஷி அப்பா’ன்னு காட்டுது.

– அடிக்கட்டும்.

– எடுத்து ஒரு வார்த்த வீட்டுல கலந்து பேசிட்டு…

– எடுத்தா அந்தக் கொரலுக்கு நான் எளகிருவேன். அனுப்ப மாட்டேன். படத்த அமுத்தி அனுப்புங்க.

– அமுத்திட்டேன். இந்த மழைக்கு சிக்னலும் ஒழுங்கா இல்ல… சுத்துது… இன்னும் சுத்துது…

– நின்னுருச்சா?

– உங்க போன்தான் நின்னுச்சு. படம் போகுது. …போயிருச்சுக்கா.

– பாத்துட்டாங்களா?

– நீலக் கோடு விழுந்திருச்சு. எழுதுறாங்க… “நல்லாத் தெரியுது. திகதிக்கு அத்தாட்சியா சடங்கு அழைப்பிதழையும் கொண்டு வரச் சொல்லுங்கோ. நாளைக்கு இத நான் மேசையில வைக்கிறன்.”

– ம்.

– மறுபடி அடிக்குது.

– இப்ப எடுக்குறேன். ஸ்பீக்கர்ல போட்டாத்தான் இந்தப் போன்ல காது கேக்கும், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. …சொல்லுங்க.

– எங்க இருக்க சர்மி? எத்தன வாட்டி அடிக்கிறது?

– ஸ்டூடியோவுல.

– அந்தப் போட்டோ பைத்தியம் இன்னும் தெளியலையா? நான்தான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல? நாளைக்குக் கச்சேரியில சனத்துக்காக நான் எந்திரிச்சுப் பேசுறேன், எல்லாம் நான் பாத்துக்கிறேன். மழ விடாமப் பெய்யிது, பஸ்ச நிப்பாட்டிருவான், வெரசா வா. புள்ள சாப்பிடாம உனக்காகக் குந்தியிருக்கா.

– நீங்க சாப்பிட்டீங்களா?

– நீ வந்தப்புறம் சாப்பிடுறேன். …என்னா, ஒண்ணும் கெடைக்கலதானே?

– கெடைச்சிருச்சுங்க. மலை வாயப் பொளந்து கெடக்கு, கண்டாக்கையா கொடையோட நிக்கிறாரு, மம்பட்டியோட நீங்க ரொம்பத் தெளிவா விழுந்திருக்கீங்க.