சான்ட்ராவுக்கு முதல் ஓலை

ஃபாதர், எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. மிஞ்சின சோற்றைக்கூட வடகமாகப் பிழிந்து காயவைத்துவிடுவேன். வருகிற ஞாயிறு என் மகள் சான்ட்ராவுக்கு முதல் கல்யாண ஓலை வாசிக்கப்போகிறீர்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பீர்கள். தடை என்று நான் நினைக்கவில்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரெமிஜியஸ், மகள் ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே மஸ்கட் போனவர். மூன்று வருஷமாகப் போட்டோவிலும் போனிலும்தான் அவளைத் தெரியும். அலையில் சான்ட்ரா என் கையிலிருந்து நழுவிவிட்டாள். முகாமில் அதே வயசுப் பிள்ளை ஒன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பேச்சு இல்லை. காலில் வெள்ளிக் கொலுசு.

மூன்றாம் நாள் சான்ட்ரா கிடைத்தாள். சிவப்பு கவுன், நான் தைத்தது. புதைக்கிறவர்கள் பெயர் கேட்டார்கள். அந்தப் பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"தெரியலைங்க" என்றேன்.

அன்றே மஸ்கட்டுக்குப் போன் போட்டு, "புள்ள பத்திரமா இருக்குங்க" என்றேன். அந்த மனுஷன் ஓவென்று அழுதார்.

ஒன்றரை மாதம் கழித்து பிரகதாம்பாள் என்று ஒருத்தி முகாமுக்கு மகளைத் தேடி வந்தாள். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள். பாவமாக இருந்தது. கூட்டிப்போய் அந்தக் குழியைக் காட்டினேன்.

"கால்ல கொலுசு கெடந்துச்சாம்மா?"

"கெடந்துச்சுக்கா. எடுத்து வச்சிருக்கேன்."

திரும்பி வந்து, தூங்குகிற பிள்ளையின் காலிலிருந்து கழற்றி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். பிள்ளை விழிக்கவில்லை. அடுத்த வாரம் கீழ்வேளூருக்குக் குடிவந்தோம். லீவில் வந்த ரெமிஜியஸ், "கறுத்துட்டாளே" என்றார். முகாம் வெயில் என்றேன்.

உங்களிடம் கொடுத்திருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் மண்ணுக்குள் இருப்பவளுடையது. அவ்வளவுதான் விஷயம். பிரகதாம்பாள் வருஷம் தவறாமல் வந்து புல் பிடுங்கி, பூப் போட்டு, பால் ஊற்றுகிறாள். நான் துணைக்குப் போவேன், மகளை மட்டும் கூட்டிப்போவதில்லை. அவளுக்கு அழ ஓர் இடம், எனக்கு வளர்க்க ஒரு பிள்ளை. எதுவும் வீணாகவில்லை.

ஒரே ஒரு குறை. அவள் அந்தக் குழியைத் தடவி, "வைரக்கண்ணு, வைரக்கண்ணு" என்று கூப்பிட்டு அழுகிறாள். பத்தொன்பது வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள் ஃபாதர், ஒருத்தி பெற்ற பிள்ளைக்கு இன்னொருத்தி எப்படிப் பெயர் வைக்கலாம்?