அளக்கக் கொண்டுபோன சாறு

யுத்த காலத்தில் கண்டிப் பக்கம் போத்தலோடு பஸ் ஏறினால், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அதில் ஒரு மிடறு குடித்துக் காட்டச் சொல்வார்கள். மடுல்கெல்லவிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு யாழ்ப்பாணத்து ஐயா, மடியில் போத்தலோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா.

“இது குடிக்கிற சாமான் இல்லையம்மா, அளக்கிற சாமான். மூண்டு சாவடியிலை மூண்டு மிடறு குறைஞ்சு போச்சுது.”

“என்னங்க ஐயா அது?”

“கடுக்காய்ச் சாறு. பேதி மருந்து. சத்துச் சரியாய் இருக்கோ எண்டு ஆய்வுகூடத்திலை பாக்கிறதுதான் என்ரை வேலை.”

“ஐயையோ! வயித்தக் கலக்காதுங்களா?”

“சும்மா இருங்கோ. இதைக் காய்ச்சின வைத்தியர் எப்பவும் தண்ணி கலக்கிறவர். போனமுறை வந்த போத்தலிலை சத்தே இல்லை.”

பஸ் இரண்டு வளைவு திரும்பியது. பிறகு ஐயா முன்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

“அம்மா, அடுத்த சாவடி எவ்வளவு தூரம்?”

“அந்த வளைவு தாண்டுனா வந்துரும். ஏங்க?”

“அங்கை இறங்கி ஓடினால் சுடுவாங்கள். இஞ்சையே இறங்கவேணும்.”

அம்மா எழுந்து நின்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார்:

“அண்ணே, நிப்பாட்டுங்க! ஐயாவோட மருந்து பாஸாயிருச்சு!”