கசக்காத குளிசை

எங்கள் பள்ளிக்கூடத்தில் எதையும் பாதியாக்கித்தான் பாவிப்போம். பென்சில் பாதி, சவர்க்காரம் பாதி, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியும் பாதி. பொருளாதாரத் தடை வந்த நாளிலிருந்து வெட்டுவதற்கென்றே ஒரு பிளேட்டை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். கல்விக் கந்தோரிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கும் ஐயா இதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மதுசனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே நான்தான். வலிப்பு வருத்தம் உள்ள பிள்ளை என்று தெரிந்ததும் ஜெயபுரத்தில் மற்றத் தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். அது தொத்து வருத்தம் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. இப்படியான பிள்ளைகளைப் பார்க்கப் பழகிய ஒருவரை அனுப்புங்கள், படுக்க வைக்க ஒரு கட்டிலாவது தாருங்கள் என்று உங்கள் கந்தோரை எத்தனை தரம் கேட்டேன். ஒரு பாய்கூட வரவில்லை. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, ஐயா.

அவனுடைய தாய் பேச்சியம்மா விடியவே கூலி வேலைக்குப் போய்விடுவாள். மத்தியானம் விழுங்க வேண்டிய மருந்துக் குளிசையை நான்தான் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வாங்கியதைப் போத்தலோடு என் கையில் தந்தாள்.

"டீச்சர், கஞ்சி குடிச்ச பொறகு ஒண்ணு முழுசாக் குடுத்திருங்க. ஒரு நாளும் விடக் கூடாதுன்னு டொக்டர் ஐயா சொன்னாரு."

"ஓம், நான் பாக்கிறன். நீங்கள் யோசிக்காமப் போங்கோ," என்றேன்.

ஊர் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள். எதையும் ஒளிக்கத் தெரியாத பெண்.

குளிசை தொடங்கியபின் அவன் மாதக்கணக்கில் விழவே இல்லை. வருத்தம் மாறிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதே வருத்தத்தோடு இன்னொரு பிள்ளையும் வகுப்பில் இருந்தாள், கலிஸ்ரா. அவளுக்கு மருந்தே இல்லை. விழாத பிள்ளை முழுக் குளிசை விழுங்க, விழுகிற பிள்ளை வெறும் தண்ணீர் குடிப்பது என்ன நியாயம்? பிளேட்டை எடுத்தேன். ஆளுக்குப் பாதி கொடுத்தேன்.

கலிஸ்ராவை ஏன் கிளினிக்கில் காட்டவில்லை என்று கேட்கிறீர்கள். அங்கே பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்கள். வாங்கில் குந்திக் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் எங்களைப்போல முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள், தெரிந்த முகங்கள். பெண்பிள்ளை, ஐயா. வலிப்புக்காரி என்று ஒரு தரம் பெயர் வந்துவிட்டால் நாளைக்கு யார் வந்து கட்டுவான்? மதுசன் ஆண்பிள்ளை, அவனுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. அவள் என் மகள் என்பதையும் எழுதத்தான் வேண்டுமென்றால் எழுதுங்கள். மாதாவறிய நான் அதற்காகச் செய்யவில்லை. வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

பாதி அவளுக்குப் போதவில்லை. கிணற்றடியில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டாள். மதுசனோ பாதியிலும் நன்றாகத்தான் இருந்தான். ஆகவே முழுவதையும் அவளுக்கே கொடுத்தேன். ஆனால் பேச்சியம்மா பின்னேரம் வீட்டுக்கு வந்து, குளிசை போட்டாயா என்று பிள்ளையைக் கேட்பாள். அவளுக்கும் மன நிம்மதி வேண்டுமே. வெண்கட்டியைக் குளிசையளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து எடுத்தேன். என் லாச்சிக்குள் நீங்கள் கண்ட வெள்ளைத் துண்டுகள் அவைதான்.

"ரீச்சர், இண்டைக்குக் குளிசை கசக்கேல்லை," என்றான் மதுசன்.

"அது புதுக் குளிசை, அப்பன். விழுங்குங்கோ."

விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கையும் காட்டினான். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அதற்குப் பிறகு கசக்கவில்லை என்று அவன் சொல்லவே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் வலிப்பு வந்து வாய்க்காலுக்குள் விழுந்திருக்கிறான். தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை. ஓடிப்போய்த் தூக்கி வந்தது நான்தான், கேட்டுப் பாருங்கள். அப்போதே மூச்சு இல்லை. பேச்சியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க ஒரு நாளும் விடாமக் குடுத்தீங்களே, டீச்சர். எம் புள்ளைக்குக் குடுத்து வைக்கல."

நான் மறுத்துப் பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளை மேலும் நோகடிப்பது சரியில்லை.

நடந்ததெல்லாம் இவ்வளவுதான். கவனமில்லாதவள் என்று மட்டும் என்னைப்பற்றி எழுதிவிடாதீர்கள், ஐயா. அந்த வெண்கட்டியைக்கூட நான் கழுவித்தான் கொடுத்தேன்.