காதுக்குள் நான் ஏற்றிய சத்தம்

கச்சேரியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பலகைக்குப் பின்னால் நிற்கிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஐயா. பார்த்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். இருபது வருடத்தில் என்னை அப்படிப் பார்த்தவர்கள் குறைவு. தொழிலில் நான் சுத்தம்.

ஆனால் எங்கள் பாடகன் பார்ப்பான். ராக் குழு வைத்திருந்த காலத்தில், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் என்னைத் தேடிப் புருவத்தைத் தூக்குவான். நான் தலையாட்டிய பிறகுதான் கிட்டாரில் கை வைப்பான். கூட்டம் கத்திக்கொண்டிருக்கும், அவன் எனக்காகக் காத்திருப்பான். குடித்துவிட்டு விழுந்தால் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நான்தான். அவன் மனைவி, "அண்ணா, நீங்க இல்லன்னா என்ன ஆகும்" என்று அழுவாள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

பிறகு அவன் இரட்சிக்கப்பட்டான். அப்படித்தான் சொன்னான். குடியை விட்டான், பழைய பாட்டுகளை விட்டான், கிறிஸ்தவ இசைக்குழு ஒன்று தொடங்கினான்.

"நீயும் வாடா. நீ இல்லாம எனக்குப் பாட வராது."

போனேன். முதல் ஆராதனையிலேயே, பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கினான். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. வேறொரு பெண்ணோடு போயிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பெண் என்றால் என்றைக்காவது சண்டை வரும்.

பாடுகிறவன் காதுக்குள் சின்ன இயர்போன் இருக்கும். தன் குரலை அவன் அதில்தான் கேட்பான். எவ்வளவு சத்தம் என்பது என் கையில். அளவு மீறாமலிருக்க ஒரு தடுப்பு வைத்திருப்போம். அதை எடுத்துவிட்டேன். சத்தத்தை வாரத்துக்கு ஒரு நூலளவு ஏற்றினேன். காது மந்தமாக மந்தமாக, அவனே என்னைப் பார்த்து விரலை உயர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஏத்துடா" என்பான். கேட்டதைத்தானே கொடுத்தேன். கேட்பதற்காகவாவது பார்த்தானே.

காதுக்குள் ஓயாமல் இரைகிறது என்றான். அவன் மனைவி பயந்துபோனாள்.

"டாக்டர்கிட்ட காட்டலாமாண்ணா?"

"சளியா இருக்கும்மா. சரியாயிடும்."

பதினோராவது மாதம் காட்டினார்கள். நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். இரண்டு காதிலும்.

பாட்டு நின்றது, குழு கலைந்தது. தினமும் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். எதையும் எழுதிக் காட்டினால்தான் அவனுக்குப் புரியும். என் கையெழுத்து அவனுக்குப் பழக்கம். நல்ல நாட்கள் அவை.

போன ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தான். தன் குரல் தனக்கே கேட்காததால் அது தாறுமாறாக ஏறி இறங்கியது.

"ஆண்டவர்தான் என் காதை மூடினார். உலகத்துச் சத்தமெல்லாம் போச்சு. இப்ப அவர் குரல் மட்டும்தான் கேக்குது. அவருக்கு நன்றி."

சபையே அழுதது. அவன் மனைவியும்தான்.

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? பதினோரு மாதம், ஒரு வாரம் தவறாமல் உழைத்தவன் ஒருவன், நன்றி இன்னொருவருக்கு என்றால் எப்படி? தெளிவாக எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, அவனிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவன் காதை மூடியது நான்.