சட்டைக்கு வயசு கேட்ட வீடு

...சிரிக்காதீங்க, முன் வரிசை! ஓய்வூதியர் சங்கத்து ஆண்டு விழாவுக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்த புள்ளைங்க எல்லாம் வசதியா முன்னாடி உக்காந்திருக்கீங்க. உங்களுக்குத்தான் இது. ஒரு சட்டையோட கதை சொல்றேன், ரொம்பச் சின்னதுதான். காதைக் கொஞ்சம் இங்க குடுங்க.

குடியாத்தத்துல தணிகாசலம்னு ஒருத்தர். ரிட்டயர்டு சர்வேயர். வயசு அறுபத்திரெண்டு. ஊர்ல இருக்கிற அத்தனை பேர் நிலத்தையும் அளந்து, ‘இதுதான்யா உன் எல்லை’ன்னு கல்லு நட்டுக் குடுத்த மனுஷன். சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆச்சு. மகன் புவனேஷ் வீட்டுலதான் இருந்தாரு.

நம்ம பென்ஷன்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்குப் போய், ‘ஐயா, நான் இன்னும் சாகலை’ன்னு காட்டிட்டு வரணும் இல்லையா? அந்த நேர்காணலுக்கு தணிகாசலம் புதுச்சட்டை போட்டுட்டுப் போனாரு. கிளிப்பச்சை! மார்ல சின்னதா ஒரு மின்னல் படம். கம்பெனி பேரு வேண்டாம், நமக்கெதுக்கு வம்பு? அவரே கடைக்குப் போய், அவரே பார்த்து, அவரே எடுத்த சட்டை.

க்யூல முன்னாடி ஒரு அம்மா. வேதவல்லி. அரசு ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. புருஷன் இல்லை, புள்ளையும் இல்லை. திரும்பிப் பார்த்தாங்க. “சார், சட்டை நல்லாருக்கு. இந்த க்யூல உயிரோட இருக்கிற மாதிரி தெரியறது நீங்க ஒருத்தர்தான்!”

மனுஷன் அன்னைக்கு வீட்டுக்கு எப்படி வந்திருப்பாரு? சொல்லுங்க!

அப்புறம் போன்ல பேசினாங்க. கோயில்ல பார்த்தாங்க. நாலு மாசத்துல ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தாங்க... கல்யாணம் பண்ணிக்கலாம்னு. மகன்கிட்ட சொன்னாரு. புவனேஷ் சரின்னுட்டான். அதுவரைக்கும் நல்லவன்தான், குறை சொல்லக் கூடாது. ஞாயித்துக்கிழமை காலையில அந்த அம்மா வீட்டுக்குப் போய் முறைப்படி பேசறதா ஏற்பாடு.

அன்னைக்குக் குளிச்சு, விபூதி வெச்சு, அதே கிளிப்பச்சைச் சட்டையில ரூமை விட்டு வெளிய வந்தாரு பாருங்க...

“அப்பா! என்னப்பா இது?”

“சட்டைடா.”

“அது தெரியுது. இது யூத் பிராண்டுப்பா! பதினெட்டுல இருந்து இருபத்தஞ்சுக்கு! இந்தா பாருங்க, கம்பெனிக்காரனே போட்டிருக்கான்.” போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டறான். “மாடல் எல்லாம் காலேஜ் பசங்க. உங்க ஏஜ் குரூப்புக்கு வேற பிராண்டு இருக்குப்பா. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

இதைச் சொன்ன மகராசனுக்கு வயசு என்ன தெரியுமா? முப்பத்தாறு! அவன் போட்டிருந்த சட்டை என்ன தெரியுமா? அதே கம்பெனி, அதே மின்னல்! தொப்பை மேல பட்டன் ‘என்னை விட்டுடுடா’ன்னு கெஞ்சுது... அவன் அப்பனுக்கு வயசு சொல்றான்!

தணிகாசலம் என்ன பண்ணாரு? எதிர்த்துப் பேசினாரா? இல்லை. மகன் ஒரு சாம்பல் கலர் சட்டையை நீட்டினான், ‘பெரியவங்க பிராண்டு’ன்னு. வாங்கினாரு... மாத்தினாரு... கிளம்பினாரு.

அங்க போனாங்க. காபி வந்துச்சு. அந்த அம்மா அவரைப் பார்க்கிறாங்க. பார்த்துக்கிட்டே இருக்காங்க.

“என்ன சார், பச்சைச் சட்டை போட்டுட்டு வர்றேன்னு நேத்து போன்ல சொன்னீங்களே?”

“அது... பையன் வேணாம்னான்மா.”

“ஏனாம்?”

“அந்த பிராண்டு சின்னப் பசங்களுக்காம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்ன சொல்றது... சரின்னுட்டேன்.”

புவனேஷ் நடுவுல பூந்தான். “இல்ல ஆண்ட்டி, அப்பா நல்லதுக்குத்தான்...”

“தம்பி, நான் உங்கப்பாகிட்ட பேசிட்டிருக்கேன்.”

அவன் வாய் மூடிக்கிச்சு. அந்த அம்மா கோபப்படலை. நிதானமாத்தான் சொன்னாங்க. “சார், உங்க உடம்புல போடற சட்டைக்கே உங்களால ‘எனக்கு இதுதான் வேணும்’னு ஒரு வார்த்தை சொல்ல முடியலை. நாளைக்கு உங்க பையன் ‘இந்த வயசுல பொண்டாட்டி எதுக்கு’ன்னு கேப்பான். அப்பவும் சரிம்பீங்க. நான் எங்க போய் நிப்பேன்?”

தணிகாசலம் திரும்பி மகனைப் பார்த்தாரு. காபியைக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டாரு. அவ்வளவுதான்... முடிஞ்சு போச்சு. இன்னைக்கும் அந்த வீட்டுல டி.வி.க்கு முன்னாடி தனியா உக்காந்துதான் சாப்பிடறாரு. எனக்கு வயிறு எரியுதுங்க!

யாரு கெடுத்தா இந்தக் கல்யாணத்தை? கம்பெனிக்காரனா? அவன் இருபத்தஞ்சுன்னு எழுதுவான், நாளைக்கு வியாபாரம் படுத்தா எழுபதுன்னும் எழுதுவான். காசு குடுத்தா கொள்ளுத் தாத்தாவுக்கும் பில் போட்டுக் குடுப்பான். அவனுக்கே இல்லாத அக்கறை உங்களுக்கு எங்கிருந்துங்க வந்துச்சு? அப்பா சுகர் மாத்திரை போட்டாரான்னு கேக்க உங்களுக்கு நேரம் இல்லை. அப்பா எந்த பிராண்டு போடலாம், எந்த பிராண்டு போடக் கூடாதுன்னு சட்டம் போட மட்டும் நேரம் இருக்கு! அவருக்கு வயசாச்சுன்னு உங்களுக்குக் கவலை இல்லை. அவருக்கு இன்னும் ஆசை இருக்கேங்கிற கூச்சம். அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு பிராண்டு மேல பழி போடறீங்க.

பின் வரிசைப் பெரியவங்களே, கை தட்டாதீங்க. உங்க மேலயும் எனக்குக் கோபம்தான். ஆபீஸ்ல நாலு பேரை அதட்டி வேலை வாங்கினவங்க... பெத்த புள்ளைகிட்ட ஒரு சட்டைக்கு வாய் திறக்க மாட்டேங்கறீங்க. இன்னைக்குச் சட்டையை விட்டுக் குடுத்தா நாளைக்கு எதையெல்லாம் விட்டுக் குடுக்கணும்னு யோசிச்சீங்களா?

புள்ளைங்களா, இனிமே அப்பா அம்மா எதை எடுத்து மாட்டினாலும் வாயை மூடிக்கிட்டு இருங்க. பெரியவங்களே... அவங்க மூடலைன்னா, நீங்க திறங்க.