கொத்தனார் வைத்த வழிக்கற்கள்

என் பெயர் மாரிசெல் ஒச்சோவா. வயது இருபத்தாறு. தந்தை பெயர் ரெஃபூஹியோ ஒச்சோவா. டூசான் நகரின் தெற்குப் பகுதியில் பெற்றோருடன் வசிக்கிறேன். நூலகத்தில் வேலை செய்கிறேன். பூங்காக் காவல் அதிகாரி வெண்டெல் ஹோக் கேட்டதன் பேரில் இதைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சோள மாவைத் தோகையில் சுற்றி அவித்த தமாலேயில் மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு, ஊருக்கு மேற்கே உள்ள பாலைவனத் தேசியப் பூங்காவில் நடக்கப் போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருடமும் அப்பா, அம்மா ஒடிலியா, அத்தை சோக்கோரோ, நான் ஆகிய நால்வரும் காலையில் போனோம். அப்பா ஓய்வுபெற்ற கொத்தனார். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தினமும் அந்தப் பூங்காவில்தான் நடக்கிறார். வேறு எங்கே நடக்கச் சொன்னாலும் பாதியில் திரும்பிவிடுகிறார். ஆகவே ஒரு வருடம் அவர் உள்ளே வரக்கூடாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்திருப்பது எங்களுக்குச் சின்ன விஷயம் அல்ல.

அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டே நடப்பவர்கள். வறண்ட ஓடையை அடைந்ததும் அப்பா பொறுமை இழந்து, "நீங்க ஊர் வம்பை முடிச்சுட்டு வாங்க. நான் திரும்புற இடத்துல எல்லாம் கல்லு வச்சுட்டுப் போறேன்" என்றார். அதற்கு அத்தை, "கல்லோட நிறுத்திக்கோ அண்ணே, சுவரு கட்டிடாதே" என்றார். அதன் பிறகு ஓடை பிரியும் இடங்களில் எல்லாம் அவர் அடுக்கிய கற்களைப் பார்த்தோம். பூங்கா நிர்வாகமும் பாதை காட்டக் கல் அடுக்கி வைத்திருக்கிறது. மற்றவர்கள் அடுக்குவது குற்றம் என்று எங்களுக்குத் தெரியாது. அவை சற்றுச் சாய்ந்திருக்கும். அப்பாவுடையவை தூக்குக்குண்டு பிடித்தது போல நேராக, முழங்கால் உயரம் இருந்தன.

அவற்றைப் பார்த்தே, கிளை ஓடையில் மெஸ்கீட் மரத்தடியில் அப்பா காத்திருந்த இடத்துக்கு வந்தோம். உணவைப் பிரித்தபோது மின்னசோட்டாவிலிருந்து வந்த கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், அப்பாவின் கற்களைப் பூங்காவுடையவை என்று நம்பி, எங்கள் முன் வந்து நின்றார்கள். அந்த மனைவி, "கார் நிறுத்துற இடம் இதுதானே?" என்று கேட்டார். அப்பா, "இது எங்க சாப்பாட்டுக் கூடம். உக்காருங்க" என்றார். அவர்களிடம் தண்ணீர் தீர்ந்திருந்தது, கொடுத்தோம். அவர்களுடைய சிறிய மகள் தமாலேயைச் சோளத் தோகையோடு கடித்துவிட்டாள். அம்மா வாங்கி உரித்துக் கொடுத்தார். அதன் பிறகு பாதையைச் சுற்றிப் பார்க்க வந்த இதே அதிகாரியும், அதே கற்களைப் பின்பற்றி, அங்கே வந்து சேர்ந்தார். "யாரு வச்சது இதெல்லாம்?" என்று அவர் கேட்டதும் அப்பா பெருமையாகக் கையைத் தூக்கினார். கையை இறக்குவதற்குள் அதிகாரி தடைத் தாளை எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

அதன் பிறகு அதிகாரியின் உத்தரவுப்படி, திரும்பும் வழியில் அப்பாவின் கற்குவியல்களை எல்லாம் கலைத்தோம். மின்னசோட்டாப் பிள்ளைகள் உதைத்துக் கலைத்தார்கள். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஓடையும் பாதையும் சேரும் இடத்தில் பூங்காவின் சொந்தக் குவியலே சரிந்து கிடந்தது. மின்னசோட்டாக் குடும்பம் வழி தவறியது அங்கேதான். அதிகாரி அதை அடுக்கினார், சரிந்தது. மறுபடி அடுக்கினார், மறுபடி சரிந்தது. அப்பா குறுக்கே போய்க் கை வைத்துவிடாதபடி அத்தை அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அதிகாரி விலகி, "சரி சார், நீங்களே வைங்க" என்றார். "இதுக்குத் தனியா இன்னொரு தாள் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டு அப்பா வைத்தார்.

மேலே உள்ளவை யாவும் நான் நேரில் கண்டவை. எழுதியதை நானே படித்துப் பார்த்தேன், திருத்த ஒன்றுமில்லை. இப்போது அங்கே நிற்கும் குவியல் அதிகாரி சொல்லி வைக்கப்பட்டது என்பதால் அதை அப்பாவின் குற்றத்தில் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் எழுதிக்கொள்ளக் கேட்கிறேன்.

(ஒப்பம்) மாரிசெல் ஒச்சோவா

பதிவு செய்தவர்: வெண்டெல் ஹோக். கடைசியாகச் சொன்னது சரி. குவியலை இன்று காலை பார்த்தேன், அசையவில்லை. தடையை நீக்கப் பரிந்துரைக்கிறேன்.